யாரும் இரவல் வாங்காத புத்தகம்

மூன்று வருடங்களுக்கு முன், டிசம்பர் பாடசாலை விடுமுறையில், ஒரு ஞாயிற்றுக்கிழமை நடந்தது இது. பதுளையிலிருந்து மடுல்சீமைப் பக்கம் ஏறிப் போகும் பாதையில் ஒரு சின்ன நகரம். அங்குள்ள பொது நூலகத்தில் நான் உதவியாளராக வேலை செய்கிறேன். ஊர்ப் பெயரும் ஆட்களின் பெயரும் வேண்டாம். சம்பந்தப்பட்ட எல்லோரும் இன்றும் நூலகத்துக்கு வந்து போகிறவர்கள். இதை வாசித்தால் என்னைச் சும்மா விடமாட்டார்கள்.

நூலகம் என்றதும் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். இரண்டு அறைகள், முன்னாலிருந்து பக்கவாட்டில் பின்பக்கம் வரை வளையும் நீளமான ஒரு விறாந்தை, பின்னால் கொஞ்சம் வெறும் நிலம், அதன் ஓரத்தில் தண்ணீர்க் குழாய் ஒன்று. அவ்வளவுதான். ஆனால் ஊருக்கு அது இல்லாமல் முடியாது. காலையில் கதவைத் திறக்கும்போதே பத்திரிகை வாசிக்க நான்கைந்து பேர் காத்து நிற்பார்கள். மழை வந்தால் பஸ்ஸுக்கு நிற்பவர்கள் எல்லோரும் எங்கள் விறாந்தைக்குத்தான் ஓடி வருவார்கள். சனிக்கிழமைகளில் விண்ணப்பப் படிவங்கள் நிரப்பிக் கொடுப்போம். சிங்களத்தில் வந்த கடிதத்தைக் கொண்டுவந்து, இதில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்பவர்களும் உண்டு. ஒக்டோபரில் வாசிப்பு மாதம். மாதத்தில் ஒரு நாள் வேனில் புத்தகங்களை ஏற்றிக்கொண்டு தேயிலைத் தோட்டங்களுக்குப் போவோம். டிசம்பரில் பிள்ளைகளுக்கு விடுமுறை நிகழ்ச்சி.

அந்த வருடம் நூலகப் பொறுப்பாளர் பிரசவ விடுமுறையில் இருந்தார். அதனால் விடுமுறை நிகழ்ச்சி முழுவதும் என் தலையில் விழுந்தது. உண்மையைச் சொன்னால் எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம். வழக்கமாக நடக்கும் சித்திரப் போட்டி, கதிரை ஓட்டம் எல்லாவற்றையும் விட்டுவிட்டுப் புதிதாக ஏதாவது செய்து காட்டவேண்டும் என்று ஆசை. சில மாதங்களுக்கு முன் பதுளையில் ஒரு பயிற்சி வகுப்புக்குப் போயிருந்தேன். வெளிநாட்டு நூலகங்களில் 'மனிதப் புத்தகம்' என்று ஒன்று நடத்துகிறார்களாம் என்று அங்கே சொன்னார்கள். புத்தகத்துக்குப் பதிலாக ஒரு மனிதர் உட்கார்ந்திருப்பார். வாசகர் அவரை இருபது நிமிடம் இரவல் வாங்கலாம். பக்கத்தில் உட்கார்ந்து அவருடைய கதையைக் கேட்கலாம், கேள்வி கேட்கலாம், நேரம் முடிந்ததும் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்.

அதைக் கேட்ட நிமிடத்திலேயே நான் முடிவு செய்துவிட்டேன்.

மூன்று 'புத்தகங்களை' நானே தேடிப் பிடித்தேன். ஒருவர் ஓய்வுபெற்ற பொலிஸ் சார்ஜன்ட். மீசையைப் பார்த்தாலே பிள்ளைகள் இரவல் வாங்குவார்கள் என்று தெரியும். இன்னொருவர் எங்கள் வைத்தியசாலையில் வேலை செய்யும் தாதி. மூன்றாமவர் பஸார் வீதியில் மின்சாரப் பொருட்கள் விற்கும் முஸ்லிம் கடைக்காரர். அண்ணன் என்ற பொருளில் ஊரே அவரை 'நானா' என்றுதான் கூப்பிடும். பழைய வானொலிகளை உடைத்துப் புதிது செய்வதில் கெட்டிக்காரர். ஒவ்வொருவருக்கும் மட்டையில் ஒரு தலைப்பு எழுதினேன். சார்ஜன்டுக்கு 'இருட்டில் ஒரு விசில் சத்தம்', தாதிக்கு 'ஊசிக்குப் பயப்படாதே', நானாவுக்கு 'பேசாத ரேடியோ பேசியது'. எழுதிவிட்டு நானே மட்டைகளைத் தள்ளி வைத்துப் பார்த்து ரசித்தேன்.

போதாதென்று, புத்தக வேனில் தோட்டங்களுக்குப் போனபோது ஒலிபெருக்கியில் அறிவிப்பும் செய்தேன். சொல்வதற்குக் கதை உள்ள யாரும் வரலாம், நூலகம் உங்களை அன்போடு வரவேற்கிறது என்று, தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் நாலு லயத்துக்கும் கேட்கும்படி சொன்னேன். அழகாகச் சொன்னேன். ஆனால் அதைக் கேட்டு யாராவது உண்மையாகவே வருவார்கள் என்று நான் ஒரு கணமும் நினைக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டரைக்கு, நான் விறாந்தைத் தூண்களில் பெனரைக் கட்டிக்கொண்டிருந்தபோது அந்த அக்கா வந்தார். நாற்பது, நாற்பத்திரண்டு வயது இருக்கும். கத்தரிப்பூ நிறத்தில் சேலை, தோளில் கைப்பை, தலையில் கொஞ்சம் கனகாம்பரம். கைகளைப் பார்த்ததும் கொழுந்து பறிக்கிறவர் என்று தெரிந்துகொண்டேன். தேயிலைக் கறை அவ்வளவு சுலபத்தில் போகாது.

"மைக்குல சொன்னீங்கள்ல மிஸ், கதை இருக்கிறவங்க வரலாம்னு. எங்கிட்ட ஒண்ணு இருக்கு. அதான் வந்தேன்" என்றார்.

நான் பெனர்க் கயிற்றைப் பிடித்தபடியே அவரை மேலும் கீழும் பார்த்தேன். இத்தனைக்கும் நானும் லயத்தில் பிறந்தவள்தான். ஹல்துமுல்லைப் பக்கம் ஒரு தோட்டத்தில், அம்மாவும் அப்பாவும் மலைக்குப் போய் வந்துதான் என்னைப் படிக்க வைத்தார்கள். அப்படிப்பட்ட நான் என்ன நினைத்தேன் தெரியுமா? வருகிற பிள்ளைகளில் பாதிப் பேர் தோட்டத்துப் பிள்ளைகள். வீட்டில் தினமும் பார்க்கிற அம்மாவைப் போன்ற ஒருவரை இங்கே வந்து எதற்கு இரவல் வாங்கப் போகிறார்கள்? சரி, வந்தவரைத் திருப்பி அனுப்பவும் முடியாது. மிச்சமிருந்த ஒரு மட்டையை எடுத்து அவசரமாக எழுதினேன். 'தோட்டத் தொழிலாளி'. அவ்வளவுதான் தலைப்பு. என்ன கதை கொண்டுவந்திருக்கிறீர்கள் என்று அவரிடம் கேட்கக்கூட இல்லை.

கதிரை ஒன்றை எடுத்து விறாந்தையின் கடைசி மூலையில், பின் நிலத்தைப் பார்த்த பக்கமாகப் போட்டுக் கொடுத்தேன். அவர் உட்கார்ந்து, மட்டையை மடியில் நேராக நிறுத்திப் பிடித்துக்கொண்டார். பிறகு அண்ணாந்து பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். பின் வேலிக்கு அப்பால் நின்ற உயரமான யூகலிப்டஸ் மரத்தைக் காட்டி, மேல் கிளையில் குளவிக் கூடு இருக்கிறது, பிள்ளைகளை அந்தப் பக்கம் விளையாட விடாதீர்கள் என்றார். நான் பார்த்தேன். கறுப்பாக, பாதி வட்டமாக ஏதோ தொங்கியது. அந்த நேரம் பார்த்துத்தான் முதல் பிள்ளைகள் கூட்டமாக வாசலில் வந்து இறங்கினார்கள். "சரிக்கா, பாத்துக்கிறேன்" என்று சொல்லிவிட்டு ஓடினேன். அத்தோடு மறந்தும் போனேன்.

நாற்பது பிள்ளைகளுக்கு மேல் வந்துவிட்டார்கள். ஒன்பதரைக்கு இரவல் தொடங்கியது. சார்ஜன்டுக்கு முன்னால் வரிசை வாசல் படி வரைக்கும் போனது. அவர் விசில் ஊதிக் காட்டியதும் மற்ற வரிசைகளில் நின்றவர்களும் அங்கே ஓடினார்கள். தாதியிடம் இரத்த அழுத்தம் பார்க்கும் கருவி இருந்தது. எல்லோருக்கும் கையைக் கட்டிப் பார்க்க ஆசை. நானா ஒரு பழைய வானொலியைக் கழற்றி மேசை முழுக்கப் பரப்பி வைத்து, "இப்ப யாரு இதைப் பாட வைக்கிற?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். நான் இரவல் பதிவேட்டில் முத்திரை குத்திக் குத்திக் கை வலித்தது. அப்படி ஒரு சந்தோஷம் எனக்கு.

இடையிடையே விறாந்தை மூலையைப் பார்த்தேன். அந்த அக்கா அப்படியே நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். பிள்ளைகள் பக்கத்தில் வரும்போதெல்லாம் மட்டையைக் கொஞ்சம் உயர்த்திப் பிடித்தார். பிள்ளைகள் எழுத்தைக் கூட்டி வாசித்துவிட்டு, சிரித்துவிட்டு, அடுத்த வரிசைக்குப் போனார்கள். ஒரு பெண்பிள்ளை மட்டும் நின்று, "எங்கம்மாவுந்தான் தோட்டத் தொழிலாளி" என்று சொல்லிவிட்டுப் போனாள். பத்தரைக்கு ஒரு கோப்பை தேத்தண்ணியும் மாரி பிஸ்கட்டும் கொண்டுபோய்க் கொடுத்தேன். கொஞ்சம் குற்ற உணர்ச்சி. "இப்ப வருவாங்கக்கா" என்றேன். "பரவாயில்ல மிஸ், ஞாயித்துக்கெழமைதானே, எனக்கு என்ன வேல" என்றார். அவர் முகத்தில் கோபம் ஒன்றும் இல்லை. அது இருந்திருந்தால் எனக்கு இன்னும் லேசாக இருந்திருக்கும்.

பதினொரு மணிக்கு இடைவேளை. பிள்ளைகளுக்கு பிஸ்கட்டும் குளிர்பானமும் கொடுத்தோம். பாதிப் பேர் உள்ளே, பாதிப் பேர் பின் நிலத்தில். யாரையும் அந்தப் பக்கம் போகவேண்டாம் என்று நான் சொல்லவில்லை.

பிறகு நடந்ததை நான் வரிசையாகச் சொல்கிறேனா என்பது எனக்கே சந்தேகம்தான். ஒரு பருந்து மரத்துக்கு மேலே இரண்டு தடவை வட்டமிட்டது எனக்கு ஞாபகம் இருக்கிறது. மூன்றாவது தடவை அது சடாரென்று இறங்கிக் கூட்டை அடித்துவிட்டுப் போனது. தூரத்தில் ஒரு லொறி மேடு ஏறுவது போல ஒரு இரைச்சல் கேட்டது. லொறி என்றுதான் நானும் நினைத்தேன். அந்த அக்கா மட்டும் கதிரையைத் தள்ளிவிட்டு எழுந்து நின்றார்.

"உள்ள ஓடுங்க. எல்லாரும் உள்ள ஓடுங்க. கைய வீசாதீங்க, மூஞ்சிய மூடிக்கிட்டு ஓடுங்க."

மலையில் அடுத்த மலைக்குக் கேட்கும்படி கூப்பிட்டுப் பழகிய குரல் அது. பிள்ளைகள் ஏன் என்று கேட்கவில்லை, ஓடினார்கள். நான் ஒரு கையால் பிள்ளைகளை உள்ளே தள்ளிக்கொண்டே மற்றக் கையால் ஜன்னல்களை அடைத்தேன். தாதி மற்ற அறையின் ஜன்னல்களை அடைத்தார். சார்ஜன்ட் ஐந்தாறு சின்னப் பிள்ளைகளை அள்ளிக்கொண்டு வாசிப்பு மேசைக்கு அடியில் போய்விட்டார். நானா கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டார். அதற்குள் பத்து, பதினைந்து குளவிகள் உள்ளேயும் வந்துவிட்டன. வெளியே கண்ணாடியில் கூழாங்கல் விழுவது போலச் சத்தம்.

அப்போதுதான் ஒரு பிள்ளை, குழாயடியில் இரண்டு பிள்ளைகள் நிற்கிறார்கள் என்று அழுதாள்.

கண்ணாடி வழியாகப் பார்த்தேன். தரம் நான்கில் படிக்கும் ஒரு பெண்பிள்ளையும் அவள் தங்கையும் குழாயடியில் ஒருவரை ஒருவர் கட்டிப் பிடித்தபடி அப்படியே உறைந்துபோய் நின்றார்கள். அவர்களைச் சுற்றி இன்னும் கூட்டம் இறங்கவில்லை. மேலே கறுப்பாகச் சுழன்றுகொண்டிருந்தது. அந்த அக்கா உள்ளே வரவில்லை என்பதையும் அப்போதுதான் கவனித்தேன். அவர் விறாந்தையில், நான் காலையில் கட்டிய பெனரைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார். கயிறு வரவில்லை. இன்னொரு இழுப்பில் தூணிலிருந்த ஆணியே கழன்று வந்தது. 'விடுமுறையைக் கொண்டாடுவோம், வாசிப்பை நேசிப்போம்' என்று எழுதிய அந்தத் தடித்த பிளாஸ்டிக் பெனரைத் தலைக்கு மேலே போர்த்திக்கொண்டு அவர் பின் நிலத்துக்குள் இறங்கினார்.

ஓடவில்லை. வேகமாக, ஆனால் கையை வீசாமல் நடந்தார். போய் இரண்டு பிள்ளைகளையும் பெனருக்குள் இழுத்துக்கொண்டு அப்படியே குந்தினார். ஒரு நிமிடம் ஒன்றும் அசையவில்லை. அவர் உள்ளே பிள்ளைகளிடம் என்ன பேசினார் என்று பின்னால்தான் தெரிந்தது. மூன்று பேரும் ஒரே காலாக நடக்கப் போகிறோம், நான் ஒன்று என்றால் வலது கால், இரண்டு என்றால் இடது கால், விளையாட்டு மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள் என்றாராம். பிறகு அந்தப் பெனர் எழுந்து, ஆறு கால்களோடு எங்கள் கதவை நோக்கி வரத் தொடங்கியது. முன்னால் விளிம்புகள் பிரியாமல் சேர்த்துப் பிடித்திருந்த அவருடைய ஒரு கை மட்டும் வெளியே இருந்தது. அந்தக் கையில் குளவிகள் உட்கார்வதை நான் கண்ணால் பார்த்தேன். அவர் கையை எடுக்கவில்லை.

கதவடிக்கு வந்துவிட்டார்கள். தாழ்ப்பாளில் என் கை இருந்தது. திறக்க முடியவில்லை. பயம் என்று சொல்லலாம், பொறுப்பு என்றும் சொல்லலாம், எனக்கு இன்றும் தெரியாது. திறந்தால் உள்ளே இருக்கிற நாற்பது பிள்ளைகள். திறக்காவிட்டால் வெளியே மூன்று பேர். அப்போது கதவுக்கு அந்தப் பக்கமிருந்து, சந்தையில் விலை கேட்பது போன்ற அமைதியான குரலில் அவர் சொன்னார்.

"மிஸ், லைட்ட எல்லாம் அமத்துங்க. ஜன்னல் திரைய எல்லாம் இழுத்து விட்டுட்டு, அந்தக் கோடி ஜன்னல்ல மட்டும் வெளிச்சம் வாற மாதிரி வைங்க. உள்ள வந்தாலும் அது வெளிச்சத்துக்குத்தான் போவும். பொறவு கதவத் தொறங்க."

தாதியும் நானாவும் ஓடி ஓடித் திரைகளை இழுத்தார்கள். நான் விளக்குகளை அணைத்தேன். அறை இருண்டது. கோடி ஜன்னலில் மட்டும் வெள்ளையாக வெளிச்சம். கதவைத் திறந்தேன். பெனரும் அவர்களும் ஒன்றாக உள்ளே விழுந்தார்கள். கதவைச் சாத்தினேன். கூடவே வந்த குளவிகள், அவர் சொன்னது போலவே, எங்களை விட்டுவிட்டுக் கோடி ஜன்னல் கண்ணாடியில் போய் மொய்த்தன. நானா ஒரு பெரிய அட்டைப் பெட்டியை எடுத்து, மெல்ல மெல்ல அவற்றின் மேல் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டார்.

சின்னவளுக்குக் காலில் ஒன்று, மூத்தவளுக்குக் காதில் ஒன்று. அவ்வளவுதான். அந்த அக்காவின் கையில் மட்டும் பதினொன்று. தாதி என்னிடம் ஒரு அட்டை கேட்டார். முள்ளை நகத்தால் பிடித்து இழுத்தால் விஷம் இன்னும் இறங்குமாம், அட்டையின் விளிம்பால் சுரண்டித்தான் எடுக்க வேண்டுமாம். பதிவேட்டுக்குப் பக்கத்தில் கிடந்த நூலக அங்கத்துவ அட்டை ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். ஒவ்வொன்றாகச் சுரண்டி எடுத்தார். குளவி என்று நாங்கள் சொல்வது உண்மையில் பெரிய காட்டுத் தேனீயாம். கொட்டினால் முள்ளை விட்டுவிட்டுப் போகுமாம். அதைப் பிறகு எங்கள் நூலகப் புத்தகம் ஒன்றில்தான் வாசித்தேன். அத்தனை வருடம் அந்தப் புத்தகம் அலுமாரியில் இருந்திருக்கிறது, நான் திறந்ததில்லை.

வெளியே இரைச்சல் அடங்க அரை மணித்தியாலம் ஆனது. அதற்குள் அந்த அக்காவின் முகம் வீங்கத் தொடங்கிவிட்டது. "மூச்சு ஒரு மாதிரி இருக்கு" என்றார். தாதி நானாவைப் பார்த்தார். நானா தன் வேனைப் படிக்கட்டு வரைக்கும் பின்னால் கொண்டுவந்து, "ஏத்துங்க தங்கச்சி" என்றார். வைத்தியசாலைக்குப் பத்து நிமிடம். என் வாழ்க்கையில் அவ்வளவு நீளமான பத்து நிமிடத்தை நான் கண்டதில்லை. ஊசி போட்டு, மூச்சு சீராகி, "ஆபத்து இல்லை, இரண்டு நாள் இருக்கட்டும்" என்று வைத்தியர் சொன்ன பிறகுதான் நான் உட்கார்ந்தேன். உட்கார்ந்ததும் அழுதேன்.

மறுநாள் ஊரெல்லாம் என்னைப் பாராட்டினார்கள். உடனே கதவை அடைத்தேனாம், பதறாமல் சமாளித்தேனாம். அந்த இரண்டு சிறுமிகளின் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொன்னார். சார்ஜன்ட் மட்டும் நேர்மையான மனிதர். "நான் மேசைக்கு அடியில இருந்தேன் மகள், முதல்ல தொப்பியால என் முகத்தைத்தான் மூடினேன்" என்று எல்லோருக்கும் முன்னால் சொல்லிச் சிரித்தார். என்னால் சிரிக்க முடியவில்லை. முதல் நாள் காலையிலேயே அந்த அக்கா மரத்தைக் காட்டியது எனக்கும் அவருக்கும் மட்டும்தான் தெரியும்.

பார்வையாளர் நேரத்துக்குத் தோடம்பழமும் ஹோர்லிக்ஸும் வாங்கிக்கொண்டு வைத்தியசாலைக்குப் போனேன். கை வாழைப்பூ மாதிரி வீங்கியிருந்தது. ஆனால் அவர் கட்டிலில் சப்பணம் போட்டு உட்கார்ந்து, பக்கத்துக் கட்டில்காரியிடம் பெனர் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். அந்தச் சிறுமிகளின் அம்மாவும் அங்கே இருந்தார். நான் போனதும் எல்லோரும் என்னை வரவேற்ற விதத்தில் எனக்கு இன்னும் கூச்சமாகிவிட்டது. சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டேன். மரத்தில் கூடு இருக்கிறது என்று அக்கா எனக்கு நேற்றுக் காலையிலேயே சொன்னார், நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை, பிள்ளைகளைப் பின்னால் போகவிட்டது என் தவறு.

சிறுமிகளின் அம்மா என்னை ஏறிட்டுப் பார்த்தார். பிறகு, "இனிமே மரத்தப் பாருங்க மிஸ்" என்றார். அவ்வளவுதான் சொன்னார். அதில் எல்லாமே இருந்தது.

அந்த அக்காவிடம், நீங்களாவது நேற்று இதை இன்னொரு தடவை வேறு யாரிடமாவது சொல்லியிருக்கலாமே என்றேன். "சொன்னேனே, ஒங்கக்கிட்ட" என்றார். "நீங்க வேலையா இருந்தீங்க." கிண்டல் ஒன்றும் இல்லை. நடந்ததை நடந்தபடி சொன்னார்.

மனம் கொஞ்சம் லேசானதும், நான் கொண்டுபோயிருந்த புது மட்டையைப் பையிலிருந்து எடுத்துக் காட்டினேன். முதல் நாள் இரண்டு சொல்லில் அவசரமாக எழுதியதற்குப் பிராயச்சித்தமாக, வண்ணப் பேனாவில் பெரிய எழுத்தில் எழுதியிருந்தேன். 'குளவிப் படையை வென்ற வீராங்கனை'. சனிக்கிழமை பிள்ளைகள் எல்லோரும் மறுபடியும் வருகிறார்கள், அத்தனை பேரும் உங்களைத்தான் இரவல் கேட்கிறார்கள், பதிவேட்டில் முப்பத்தொரு பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள் என்றேன்.

அவர் மட்டையைப் பார்த்தார். சிரித்தார். ஆனால் தலையை ஆட்டினார்.

"குளவிக் கதையா மிஸ்? அது எங்க மலையில எல்லாருக்கும் தெரியும். அதச் சொல்றதுக்கா நான் பஸ் ஏறி வந்தேன்?"

"அப்ப என்ன கதை சொல்ல வந்தீங்க?"

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டரைக்குக் கேட்டிருக்க வேண்டிய கேள்வியை, திங்கட்கிழமை பின்னேரம், அவர் கை வீங்கிக் கட்டிலில் இருக்கும்போதுதான் கேட்டேன். அவர் சொன்ன கதை இது.

பல வருடங்களுக்கு முன் அவர் வீட்டுப் பணிப்பெண்ணாகக் குவைத்துக்குப் போயிருக்கிறார். அந்த வீட்டில் ஒரு பெண் குழந்தை. பேசும் வயது வந்தும் பேசவில்லை. அம்மாவும் அப்பாவும் வேலைக்குப் போய்விடுவார்கள். நாள் முழுக்கக் குழந்தை இவரோடுதான். இவருக்கு அரபு தெரியாது. அதனால் குழந்தையோடு தமிழில் பேசிக்கொண்டே இருப்பாராம். சமைக்கும்போது பேச்சு, துணி மடிக்கும்போது பேச்சு. ஒரு நாள் குழந்தை திடீரென்று பேசத் தொடங்கிவிட்டது. வீட்டில் யாருக்கும் ஒரு சொல்லும் புரியவில்லை. பிள்ளைக்கு ஏதோ ஆகிவிட்டது என்று பயந்து வைத்தியரிடம் கொண்டுபோயிருக்கிறார்கள். அங்கேயும் குழந்தை விடாமல் பேசியிருக்கிறது. வைத்தியருக்கும் புரியவில்லை. கடைசியில் வெளியே வாங்கில் உட்கார்ந்திருந்த இவரைக் கூப்பிட்டு, இது என்ன சொல்கிறது என்று கேட்டிருக்கிறார்கள்.

"'பசிக்குது, ரொட்டி சுட்டுத் தா'ன்னு சொல்லுதுங்க. நான் வாயையும் வயித்தையும் தொட்டுக் காட்டினேன். அந்தம்மா அழுவுது, நான் அழுவுறேன், டாக்டர் சிரிக்கிறாரு."

பிறகு குழந்தை அரபும் பேசப் பழகியது. நாலு வருடம் கழித்து இவர் ஊர் திரும்பினார். ஆனால் அந்தப் பிள்ளை தமிழை விடவில்லை. இப்போது அவளுக்குப் பன்னிரண்டு வயது. வாரத்தில் ஒரு நாள் போன் எடுத்து இவரோடு பேசுகிறாள். இதைச் சொன்னால் லயத்தில் யாரும் நம்புவதில்லையாம். நூலகத்தில் சொன்னால் பதிவாக இருக்கும், பிள்ளைகளும் நம்புவார்கள் என்றுதான் சேலை கட்டிக்கொண்டு வந்திருக்கிறார்.

நான் மட்டையைத் திருப்பி, பின்பக்கத்தில் என்ன எழுதட்டும் என்று அவரிடமே கேட்டேன். யோசித்து, "குவைத்துல தமிழ் பேசுன புள்ள" என்றார். அப்படியே எழுதினேன்.

சனிக்கிழமை நிகழ்ச்சியை முன் அறையிலேயே வைத்தோம். மரத்துக் கூட்டை ஆட்கள் வந்து அப்புறப்படுத்திவிட்டார்கள். இருந்தாலும் நான் காலையிலேயே போய் மூன்று தடவை அண்ணாந்து பார்த்துக்கொண்டேன். அந்த அக்கா இன்னும் வேலைக்குப் போகத் தொடங்கவில்லை. அதே கத்தரிப்பூச் சேலையில் வந்தார். ஒவ்வொருவராக இருபது நிமிடம் இரவல் கொடுத்தால் இரண்டு நாள் போகும் என்பதால், அன்று மட்டும் சட்டத்தைத் தளர்த்தி, எல்லோருக்கும் ஒன்றாக இரவல் கொடுத்தேன். பிள்ளைகள் தரையில் வட்டமாக உட்கார்ந்தார்கள். சார்ஜன்ட், தாதி, நானா மூவரும் பின்னால் வாங்கில். அக்கா கதை சொல்லும்போது கைகளால் ரொட்டி தட்டினார், வைத்தியர் மாதிரி மூக்குக்கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தார். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஆனால் முடிந்ததும் ஒரு பெண்பிள்ளை எழுந்து, "நெசமாவா?" என்று கேட்டாள்.

அவர் அதற்குத்தான் காத்திருந்தவர் போலக் கைப்பையிலிருந்து போனை எடுத்தார். குவைத்தில் வெள்ளியும் சனியும்தான் பாடசாலை விடுமுறை, இன்றைக்கு அந்தப் பிள்ளை வீட்டில்தான் இருப்பாள் என்றார். நாலு கலைக்களஞ்சியங்களை அடுக்கி அதன் மேல் போனை நிறுத்தினோம். மணி அடித்தது. திரையில் சுருட்டை முடியோடு, தூக்கம் கலையாத முகத்தோடு ஒரு அரபுப் பெண்பிள்ளை தெரிந்தாள். எங்கள் கூட்டத்தைப் பார்த்து முதலில் முழித்தாள். எங்கள் பிள்ளைகளும் மூச்சு விடாமல் பார்த்தார்கள்.

"என்னா, எல்லாரும் சும்மா பாத்துக்கிட்டே இருக்கீங்க? பேசுங்க" என்றாள்.

அப்படியே எங்கள் மலைப் பேச்சு. கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் மடுல்சீமை பஸ்ஸில் பக்கத்து ஆசனத்தில் இருக்கிற பிள்ளை என்றுதான் சொல்வீர்கள். அறை முழுக்கக் கூச்சல். நானா வாங்கை விட்டு எழுந்தே விட்டார். பிள்ளைகள் முண்டியடித்துக் கேள்வி கேட்டார்கள். அங்கே மழை பெய்யுமா, ஒட்டகத்தில் ஏறியிருக்கிறாயா, ரொட்டிக்கு என்ன சம்பல் என்று. அவள் எல்லாவற்றுக்கும் பதில் சொன்னாள். குழாயடியில் நின்ற அந்தச் சின்னவள் முன்னால் போய், "அங்க குளவி இருக்கா?" என்று கேட்டாள். குளவி என்ற சொல் அவளுக்குத் தெரியவில்லை. "அக்கா, குளவின்னா என்னா?" என்று கேட்டாள்.

அந்த அக்கா பதில் சொல்லாமல் கையைப் பின்னால் மறைத்தார். அதற்குள் நாற்பது பிள்ளைகளும் ஒரே நேரத்தில் நடந்ததைச் சொல்லிவிட்டார்கள். திரையில் அவள் முகம் மாறியது. கையைக் காட்டச் சொன்னாள். காட்டினார். இன்னும் சிவந்து போயிருந்தது. அவள் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு, பிள்ளையைத் திட்டும் தாய் மாதிரிக் கேட்டாள்.

"யாருக்கா ஒங்கள அங்க போவச் சொன்னது?"

எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள் என்று எனக்குத் தோன்றியது.

"யாரும் சொல்லல" என்றார் அந்த அக்கா. "நானாத்தான் போனேன். ஒங்கதையச் சொல்லத்தான் போனேன்."

அவள் பைஜாமாக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு எங்கள் எல்லோரையும் பார்த்து, எங்க அக்காவ நல்லாப் பாத்துக்கங்க என்று கட்டளை போட்டுவிட்டு, தன்னுடைய அம்மாவையும் இழுத்துக்கொண்டுவந்து திரையில் காட்டினாள். அந்த அம்மா எங்களுக்குக் கை காட்டினார். நாங்கள் நாற்பது பேரும் கை காட்டினோம்.

இன்று எங்கள் டிசம்பர் நிகழ்ச்சிக்குத் தோட்டங்களிலிருந்து நிறையப் பேர் 'புத்தகங்களாக' வருகிறார்கள், தலைப்பை அவரவரே சொல்ல நான் எழுதுகிறேன். ஆனாலும் வேலை நெருக்கும் நேரங்களில், வாசலில் ஒருவர் வந்து நின்றதுமே அவர் யார், என்ன கேட்கப் போகிறார் என்பதெல்லாம் எனக்குத் தெரியும் என்று மனது பழையபடி முந்திக்கொள்ளப் பார்க்கிறது. அப்படித் தெரிந்துவிட்டது என்று நினைக்கும் அந்த நொடியில்தான் நான் ஒரு மனிதரைத் திறக்காமலே மூடி வைத்துவிடுகிறேன் என்பது உறைக்க, முத்திரையைக் கீழே வைத்துவிட்டு அவர் பேசி முடியும் வரை கேட்டுக்கொண்டிருக்கிறேன்.